புல்வெளியில் ஒரு சின்ன வீடு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை வாசித்துக் காட்டுகிறேன். ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் ஒரு பத்தி ஆங்கிலத்தில், உடனே அதே பத்தி தமிழில். 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி'யை இதுவரை மூன்று சுற்று வாசித்தாயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும், மாடிப்படியில் நின்று அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி விரல் வலித்ததால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

இது என்ன புத்தகம்? யார் எழுதினது? சுருக்கமா சொல்லுங்க.

1935இல் அமெரிக்காவில் வெளிவந்த சிறுவர் நாவல். எழுதியவர் லாரா இங்கல்ஸ் வைல்டர் (1867–1957). தன் குழந்தைப் பருவத்தை வைத்து அவர் எழுதிய வரிசையில் இது மூன்றாவதாக வந்தது. முதல் புத்தகம் 1932இல் வந்தபோது அவருக்கு வயது 65. 1929இல் பங்குச் சந்தை சரிந்து, குடும்பத்தின் சேமிப்பு கரைந்துபோயிருந்த நேரம் அது. அவர் உயிரோடு இருக்கும்போது எட்டுப் புத்தகங்கள் வந்தன. ஒன்பதாவது, அவர் இறந்து பல வருடம் கழித்து, 1971இல் வந்தது.

கதை ரொம்ப எளிமையானது. அப்பா, அம்மா, மேரி, லாரா, கைக்குழந்தை கேரி, ஜாக் என்ற நாய். விஸ்கான்சின் காட்டில் இருந்த வீட்டை விற்றுவிட்டுக் கூண்டு வண்டியில் ஏறி கான்சாஸ் புல்வெளிக்குப் போகிறார்கள். வீடு கட்டுகிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள், உழுகிறார்கள். ஒரு வருடம் போல இருந்துவிட்டு, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, அதே வண்டியில் கிளம்பிவிடுகிறார்கள்.

எத்தனை வயசுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்? வரிசையாத்தான் படிக்கணுமா?

வாசித்துக் காட்டுவதென்றால் ஏழு வயது போதும். தானாகப் படிக்க ஒன்பது, பத்து ஆகட்டும். வாக்கியங்கள் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் பொருள்கள் எல்லாம் புதுசு. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் நல்லது. அதற்கு வேறு காரணமும் உண்டு, கீழே வருகிறேன்.

வரிசை கட்டாயமில்லை. முதல் புத்தகம் விஸ்கான்சின் காட்டு வாழ்க்கை. இரண்டாவது, லாராவின் வருங்காலக் கணவர் அல்மான்சோ நியூயார்க் மாநிலத்துப் பண்ணையில் வளர்ந்த கதை. அதைப் பசியோடு படிக்கக் கூடாது, பாதிப் பக்கம் சாப்பாடுதான். என்னைக் கேட்டால் வரிசையிலேயே சிறந்தது 1940இல் வந்த 'த லாங் விண்டர்'. 1880–81 குளிர்காலத்தில் பனிப்புயல் ஓயாமல் அடித்து, டகோட்டாவில் ரயில் நின்றுபோய், விறகில்லாமல் காய்ந்த புல்லை முறுக்கி முறுக்கி எரித்து, கோதுமையைக் காப்பிக்கொட்டை மிஷினில் அரைத்து ரொட்டி சுட்ட கதை. மே மாதக் கத்திரி வெயிலில் வாசித்தோம். ஒரு பையன் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டான்.

டிவியில பார்த்தது மாதிரியே இல்லையே? வேற கதையா?

கிட்டத்தட்ட வேறு கதைதான். 1974 முதல் 1983 வரை ஓடிய அந்த அமெரிக்கத் தொடர், பெயரையும் குடும்பத்தையும் இந்தப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டது. தொடக்கப் படத்தைத் தவிர, களம் கான்சாஸ் கிடையாது. மின்னசோட்டாவில் உள்ள வால்நட் க்ரோவ். அந்த ஊர் வாழ்க்கை நான்காவது புத்தகத்தில்தான் வருகிறது. தொடரில் வரும் தத்துப்பிள்ளை ஆல்பர்ட் எல்லாம் கற்பனை. நிஜ அப்பா சார்லஸ் இங்கல்ஸ் நெஞ்சு வரை தாடி வைத்திருந்தவர். தொடரில் மழமழவென்று சவரம் செய்திருப்பார்.

புத்தகத்துல வர்ற 'இந்தியன்ஸ்' நாமளா மாமா?

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். போன முறை கேட்ட சிறுமி, "நாம எப்ப அங்க போனோம்?" என்று கவலையோடு கேட்டாள்.

நாமில்லை. கொலம்பஸ் கடல் கடந்து வேறொரு கண்டத்தில் இறங்கிவிட்டு இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கண்டம் முழுக்க வாழ்ந்த நூற்றுக்கணக்கான தனித்தனி மக்களுக்கு ஒரே தவறான பெயர். இந்தக் கதையில் வருகிறவர்கள் ஓசேஜ் மக்கள். நான் வாசிக்கும்போது தமிழில் 'ஓசேஜ்காரர்கள்' என்றே சொல்லிவிடுகிறேன். 'செவ்விந்தியர்' என்ற பழைய சொல் எனக்குப் பிடிப்பதில்லை, அது இன்னும் குழப்பும்.

பக்கம் பக்கமா கதவு செய்யறதும் கிணறு வெட்டறதும்தான் இருக்கு. என் பையனுக்கு போர் அடிக்குமே?

அடிக்காது. இந்தப் புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஓநாய்க் கூட்டம் வீட்டைச் சுற்றி உட்கார்ந்து ஊளையிடும் இரவில், வாசலில் கதவு கிடையாது. ஒரு மெத்தைப் போர்வைதான் தொங்குகிறது. அதற்கு அடுத்த அத்தியாயத்தில் அப்பா கதவு செய்கிறார். ஓர் ஆணி கூட இல்லாமல். துளை போட்டு மரமுளை அடிக்கிறார். கீல் தோலில். உள்பக்கம் மரத்தாழ்ப்பாள், அதில் கட்டிய தோல்கயிறு கதவில் உள்ள ஓட்டை வழியாக வெளியே தொங்கும். வெளியே நின்று கயிற்றை இழுத்தால் தாழ்ப்பாள் தூக்கிக்கொள்ளும். ராத்திரி கயிற்றை உள்ளே இழுத்துவிட்டால் யாராலும் திறக்க முடியாது. இதைப் படித்த வாரம் இரண்டு பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் அந்தத் தாழ்ப்பாளைச் செய்துகொண்டு வந்தார்கள். ஒன்று வேலையும் செய்தது.

கிணற்று அத்தியாயம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கம். அப்பாவும் பக்கத்து நிலத்து ஸ்காட்டும் மாறி மாறி வெட்டுகிறார்கள். தினமும் காலையில் அப்பா ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்ப்பார். அணைந்தால் அடியில் கெட்ட காற்று என்று அர்த்தம், அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். ஸ்காட்டுக்கு அது வெட்டி வேலையாகத் தெரிகிறது. ஒருநாள் மெழுகுவர்த்தி இறக்காமலே இறங்கி அடியில் மயங்கி விழுந்துவிடுகிறார். அப்பா இறங்கி அவரைக் கயிற்றில் கட்டி மேலே கொண்டுவரும் வரைக்கும் எங்கள் மாடியில் ஒரு சத்தம் கிடையாது. வாசித்து முடித்ததும் ஒரு பாட்டி, பேரனைக் கூட்டிப்போக வந்தவர், "எங்க ஊர்லயும் பாழுங்கிணத்துல அரிக்கேன் விளக்கை இறக்கிப் பாத்துட்டுத்தான் தூர் வாருவாங்க" என்றார். அந்த வாரம் கதையை விடக் கிணற்றுப் பேச்சுதான் அதிகம் ஓடியது.

எழுத்தாளராக லாராவின் திறமை இங்கே தெரியும். வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறார். கையில் என்ன இருக்கிறது, எது முதலில், எது அப்புறம் என்று ஒரு குழந்தை பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே போகும்.

எல்லாருக்கும் ஒரே சமயத்துல வர்ற அந்தக் காய்ச்சல் என்ன? தர்ப்பூசணி சாப்பிட்டா வருமா?

மலேரியா. நம் பழைய சொல் முறைக்காய்ச்சல். புத்தகத்தில் வீட்டில் அத்தனை பேரும் நடுங்கிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள், தண்ணீர் எடுத்துத் தரக்கூட ஆளில்லை. ஸ்காட்டின் மனைவி, ஸ்காட் அம்மா, தர்ப்பூசணிதான் காரணம் என்கிறார். அப்பா ராத்திரிக் காற்று என்கிறார். யாருக்கும் தெரியாது. மலேரியாக் கிருமியைப் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் கண்டதே 1880இல்தான். அதைக் கொசு சுமக்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் நம் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். அதாவது இந்தக் குடும்பம் நடுங்கிய 1870ஐ விட இருபத்தேழு வருடம் தள்ளி.

அவர்களைக் காப்பாற்றுகிறவர் டாக்டர் டான் என்ற கறுப்பின மருத்துவர். கசக்கக் கசக்கக் கொயினாப் பொடி கொடுக்கிறார். இவர் நிஜ மனிதர், ஜார்ஜ் டான். கான்சாஸில் இண்டிபெண்டன்ஸ் என்ற ஊரில் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது. 1935இல் வந்த ஒரு சிறுவர் புத்தகத்தில் ஒரு கறுப்பின மருத்துவர் மரியாதையோடு வருகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆனால் இதே வரிசையின் பின்னால் வரும் ஒரு புத்தகத்தில் அப்பா முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடை ஆட்டத்தில் ஆடுகிறார். இரண்டையும் எழுதியவர் ஒருவர்தான்.

முழுக்க உண்மைக் கதைதானே? 'நடந்தது'ன்னு போட்டிருக்கே?

நிஜக் குடும்பம், நிஜப் பெயர்கள். ஆனாலும் நாவல்தான். கான்சாஸில் அவர்கள் இருந்தது 1869 முதல் 1871 வரை. அப்போது லாராவுக்கு இரண்டிலிருந்து நான்கு வயது. புத்தகத்து லாரா அதைவிடப் பெரியவள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு மரமுளை அடித்த வரிசை ஞாபகமிருக்காது. அப்பா அம்மா வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கைக்குழந்தையாக வண்டியில் வரும் கேரி, நிஜத்தில் கான்சாஸில் வைத்தே 1870 ஆகஸ்ட்டில் பிறந்தவள். இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து நாற்பது மைல் தள்ளி வீடு என்று புத்தகம் சொல்கிறது. நிஜத்தில் பதின்மூன்று மைல் சொச்சம்.

சிலவற்றை லாரா சொல்லாமலே விட்டார். லாராவுக்கு ஒரு தம்பி இருந்தான், ஃப்ரெடி. 1876இல் ஒன்பது மாதத்தில் இறந்துபோனான். வரிசை முழுக்கத் தேடினாலும் அவன் வரமாட்டான்.

அக்கா மேரிக்குக் கண் போச்சே, அது உண்மையா?

உண்மை. 1879இல், மேரிக்கு 14 வயதில். புத்தகம் செங்காய்ச்சல் (ஸ்கார்லெட் ஃபீவர்) என்று சொல்கிறது. மூளையையும் அதைச் சுற்றிய சவ்வையும் தாக்கிய வைரஸ் தொற்றாக இருக்கலாம் என்று 2013இல் மருத்துவர்கள் சிலர் பழைய கடிதங்களையும் செய்தித்தாள்களையும் வைத்து ஆராய்ந்து எழுதினார்கள். மேரி பிறகு அயோவாவில் பார்வையற்றோர் பள்ளியில் படித்தார்.

அரசாங்கம்தானே இலவசமா நிலம் கொடுத்தது? அப்ப அவங்க போனதுல என்ன தப்பு?

1862இல் ஒரு சட்டம் வந்தது, சரி. 160 ஏக்கர் நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் சின்னக் கட்டணத்தோடு நிலம் உங்களுக்கு. பின்னாளில் டகோட்டாவில் அப்பா அப்படித்தான் நிலம் பிடித்தார். ஐந்து வருடம் தாக்குப்பிடிக்க முடியுமா என்று 160 ஏக்கருக்கு எதிராகப் பதினான்கு டாலர் வைத்து அரசாங்கத்தோடு பந்தயம் கட்டியிருக்கிறேன் என்று அவரே வேடிக்கையாகச் சொல்வார்.

ஆனால் கான்சாஸ் நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அது ஒப்பந்தப்படி ஓசேஜ் மக்களுக்கு ஒதுக்கிய நிலம். அங்கே வீடு கட்டிய வெள்ளைக்காரர்கள் எல்லாருமே, இங்கல்ஸ் குடும்பம் உட்பட, அனுமதியில்லாமல் நுழைந்தவர்கள். நம் வருவாய்த்துறை மொழியில் ஆக்கிரமிப்பு. வாஷிங்டன் சீக்கிரமே நிலத்தைத் திறந்துவிடும், முதலில் போனவனுக்கு நல்ல இடம் என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கில் போனார்கள். கான்சாஸை விட்டுக் கிளம்ப ஓசேஜ் மக்கள் 1870இல் சம்மதித்ததற்கு அந்த நெருக்கடி பெரிய காரணம்.

அவர்கள் போன இடம் இன்றைய ஓக்லஹோமா. கான்சாஸ் நிலம் விற்ற காசில் அங்கே சொந்தமாக நிலம் வாங்கினார்கள். பின்னால் அதன் அடியில் எண்ணெய் கிடைத்தது. 1920களில் அந்தப் பணத்துக்காக அவர்களை ஒவ்வொருவராகக் கொன்றது தனிக் கதை, பிள்ளைகளுக்கானது அல்ல.

அப்படின்னா கடைசியில ராணுவம் வந்து துரத்தினது நியாயம்தானே?

ராணுவம் வந்து துரத்தவில்லை. ஓசேஜ் எல்லைக்குள் வந்தவர்களைச் சிப்பாய்கள் வெளியேற்றப் போகிறார்கள் என்ற சேதி வருவதாகப் புத்தகத்தில் இருக்கிறது. குற்றவாளி மாதிரி என்னைப் பிடித்துக்கொண்டு போகும்வரை இருக்கமாட்டேன் என்று அப்பா கலப்பையைக்கூட வயலிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறார். நடந்தது நேர்மாறு. கிளம்ப வேண்டி வந்தது ஓசேஜ் மக்களுக்கு. வெள்ளைக் குடியேறிகள் ஏக்கர் 1.25 டாலருக்கு நிலத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அப்பா இருந்திருந்தால் அவரும் வாங்கியிருக்கலாம்.

அதே சமயத்தில் விஸ்கான்சின் நிலத்தை வாங்கியவர் பாக்கி கட்ட முடியாமல் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். குடும்பம் 1871இல் அங்கேயே திரும்பியது. முதல் புத்தகத்தில் வரும் காட்டு வாழ்க்கையில் பாதி இதற்கு அப்புறம் நடந்தது. புத்தக வரிசையில் முன் பின்னாகிவிட்டது.

'அங்கே மனிதர்களே இல்லை'ன்னு ஒரு வரி இருந்ததாமே? என் புத்தகத்துல காணோம்.

இருந்தது. 1935 பதிப்பின் தொடக்கத்தில், மேற்கே பரந்த புல்வெளி, அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் எழுதியிருந்தது. படித்துப் பாருங்கள், இரண்டாவது பாதி முதல் பாதியை எப்படி மறுக்கிறது என்று. 1952இல் ஒரு வாசகர் இதைச் சுட்டிக்காட்டிப் பதிப்பகத்துக்கு எழுதினார். பதினேழு வருடம் அங்கே யார் கண்ணிலும் படவில்லை. லாரா தன் பிழை என்று உடனே ஒப்புக்கொண்டார். 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்பது 'குடியேறிகள்' என்று மாறியது. கார்த் வில்லியம்ஸின் அழகான பென்சில் படங்கள் சேர்ந்ததும் அதே பதிப்பில்தான்.

மாறியது ஒரே சொல். இந்தியர்களைப் பற்றிய ஸ்காட் அம்மாவின் வெறுப்புப் பேச்சு அப்படியே இருக்கிறது, அம்மா கரோலைனின் பயமும்.

இவர் புத்தகத்தை அமெரிக்காவுல தடை பண்ணிட்டாங்களாமே?

இல்லை. இவர் பெயரில் 1954 முதல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு ஒரு விருது கொடுத்துவந்தது. முதல் விருதே இவருக்குத்தான். 2018இல் விருதின் பெயரை மட்டும் மாற்றினார்கள், மேலே சொன்ன காரணங்களுக்காக. புத்தகம் கடையிலும் நூலகத்திலும் கிடைக்கிறது. அதே வருடம் லாராவின் வாழ்க்கை வரலாறு ஒன்று புலிட்சர் பரிசும் வாங்கியது.

நிஜமா எழுதினது இவர் மகள்தான்னு படிச்சேன்?

மகள் ரோஸ் வைல்டர் லேன் அன்றைக்கு அம்மாவை விடப் பெயர் பெற்ற எழுத்தாளர். 1930வாக்கில் லாரா பென்சிலால் எழுதிய வாழ்க்கைக் கதையைத் தட்டச்சு செய்து பதிப்பகங்களுக்கு அனுப்பியவர் அவர்தான். யாரும் வாங்கவில்லை. அது முழுதாக அச்சானது 2014இல். அதிலிருந்துதான் நாவல்கள் கிளைத்தன. ரோஸ் நிறையவே திருத்தினார், வெட்டினார், அடுக்கினார்.

ஆனால் இருவருக்கும் நடந்த கடிதச் சண்டைகள் இருக்கின்றன. மேரியின் கண் போனதைச் சேர்ப்பதா என்று ஒரு தகராறு. மகளுக்கு விருப்பமில்லை. அது நடந்தது, சேர்க்கத்தான் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். புத்தகத்தில் இருக்கிறது. எழுதித் தந்துவிட்டுச் சும்மா இருந்தவர் இப்படிச் சண்டை போடமாட்டார் என்பது என் எண்ணம்.

அந்த மோசமான பக்கங்களைத் தாண்டிட்டு வாசிச்சா என்ன?

முதல் சுற்றில் நான் அதைத்தான் செய்தேன். தப்பு. ஓசேஜ் மக்கள் வரிசையாகக் குதிரைகளில் கிளம்பிப்போகும் அத்தியாயம் புரியாமல் போய்விட்டது. எதற்குப் போகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள், என்னிடம் பதிலில்லை, ஏனென்றால் பதில் இருந்த பக்கங்களை நானே தாண்டியிருந்தேன்.

இப்போது எல்லாவற்றையும் வாசிக்கிறேன், நிறுத்தி நிறுத்தி. அந்த ஊர்வலத்தில் ஒரு தாயின் கூடையில் இருக்கும் கருவிழிக் குழந்தையைப் பார்த்து லாரா, அதை எனக்கு வாங்கிக் கொடு என்று அப்பாவிடம் அழுது அடம்பிடிப்பாள். போன முறை அங்கே நிறுத்தினேன். நாங்கள் யாரும் எதுவும் சொல்வதற்கு முன் ஏழு வயதுப் பெண் ஒருத்தி, "அது அவங்க பாப்பா இல்ல?" என்றாள்.

கடைசியா ஒண்ணு. அந்த அப்பா நல்லவரா கெட்டவரா?

பொல்லாத கேள்வி. ராத்திரி பிடில் வாசிக்கும் அப்பா, கெட்ட காற்றுள்ள கிணற்றில் பக்கத்து வீட்டுக்காரருக்காக இறங்கும் அப்பா, ஸ்காட் அம்மாவின் பேச்சை ஒத்துக்கொள்ளாத அப்பா. இன்னொருவர் நிலம் என்று தெரிந்தே வண்டியை ஓட்டிக்கொண்டு போன அப்பாவும் அவரேதான். ஒரு பட்டம் கொடுத்து முடிக்க எனக்கு வரவில்லை.

லாராவுக்கே இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. ஓர் இரவு அவள் அப்பாவிடம் கேட்கிறாள்: அரசாங்கம் இந்த இந்தியர்களை மேற்கே போகச் சொல்லுமா? ஆமாம், வெள்ளைக்காரர்கள் குடியேறினால் இந்தியர்கள் நகர்ந்துதான் ஆக வேண்டும் என்கிறார். அவள் விடவில்லை. ஆனா அப்பா, இது இந்தியர்கள் நிலம் என்றுதானே நினைத்தேன், போகச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வராதா?

"இனிக் கேள்வி கிடையாது லாரா, தூங்கு" என்கிறார் அப்பா.